ஒரு நாளைக்கு ஒரு திசை: வாசகர் கேள்வி – பதில்

ரங்கூனிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய இடங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. தலைநகர் 2005-இல் நேப்பிதாவுக்குப் போய்விட்டது, நெரிசல் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாவது எங்காவது போய் மூச்சு விட வேண்டும் என்கிற தவிப்பு எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. முப்பது வருடமாக எங்கள் தெருப் பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, வேன் பிடித்துப் போய்வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

அக்கா, மாமனார் மாமியார் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. எனக்கு இரண்டு பிள்ளைகள். பகோ போக ஆசைப்படுகிறோம். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?
– ஒரு வாசகி, தாம்வே

பத்து மணிக்குக் கிளம்பாதீர்கள் தங்கச்சி. ஐந்தரைக்கு வேன் வாசலில் நிற்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு பங்குனி வெயிலில் என் அம்மாவை பகோவுக்கு அழைத்துப் போனேன். தாமதமாகக் கிளம்பி, ஷ்வேமாதோ பகோடாவின் படி ஏறும்போது உச்சி வெயில். உள்ளே செருப்பு கிடையாது, காலுறையும் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழுச் சுற்றும் நடந்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு வந்தார். இரவு வீட்டில் கால் அமுக்கிவிடும்போதுதான் பார்த்தேன், இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதேன். அன்றிலிருந்து திறந்தவெளித் தரை உள்ள பகோடாவுக்கு ஒன்பது மணிக்கு மேல் பெரியவர்களை நான் அழைத்துப் போவதில்லை.

பகோ இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தவுச்சான் சந்திப்பில் பிய் சாலையை விட்டுத் திரும்பிப் போகிறோம் அல்லவா, அந்த வழியில் ‘தங்க ஆலமரம்’ என்று ஒரு நாட் கோயில், அதாவது பர்மியர்களின் காவல் தெய்வக் கோயில், இருக்கிறது. புது வண்டி வாங்கியவர்கள் அங்கே கொண்டுவந்து பூஜை போடுவார்கள். நாம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது போலத்தான். ஓட்டுநர் இறங்கிக் கும்பிட விரும்பினால் ஐந்து நிமிடம் கொடுங்கள். அவர் மனம் நிறைந்தால் வண்டியும் நிதானமாகப் போகும்.

முதலில் ஷ்வேமாதோ. உயரம் 114 மீட்டர், நம் ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவையே மிஞ்சியது. 1917 நிலநடுக்கத்தில் இதன் உச்சி உடைந்து விழுந்தது. 1930-இல் மறுபடியும் நிலம் ஆடியபோது பகோடாவே சரிந்தது. அதற்குப் பிறகு கட்டி முடித்ததுதான் இப்போது நாம் பார்ப்பது. 1917-இல் விழுந்த துண்டை அப்புறப்படுத்தாமல் வடகிழக்கு மூலையில் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு வீடு அளவு இருக்கும். பிள்ளைகளை அதன் அருகே நிறுத்திக் காட்டுங்கள். எவ்வளவு பெரிய உயரத்திலிருந்து விழுந்தது என்பது அப்போதுதான் புரியும்.

பத்தரை மணிக்குச் சாக்காவைங் மடத்தில் பிக்குகளுக்கு மதிய உணவு. நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக, சத்தமே இல்லாமல் நடந்து வருவார்கள். சோறு போட விரும்பினால் போடலாம். படம் எடுப்பதற்காக அவர்கள் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்ட வேண்டாம், அது அவர்கள் சாப்பாட்டு நேரம்.

வெயில் ஏறியதும் கூரைக்குள் போய்விடுங்கள், அதாவது ஷ்வேதல்யாவுங். 55 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். 994-இல் எழுப்பியது என்று சொல்கிறார்கள். 1757-இல் பர்மிய அரசர் அலாவுங்பயா பகோவை அழித்த பிறகு ஊர் பாழடைந்து, இவ்வளவு பெரிய சிலை காட்டுக்குள் மறைந்தே போய்விட்டது. 1880 வாக்கில் ரயில் பாதை போட வந்த ஓர் இந்தியக் குத்தகைக்காரரின் ஆட்கள் கல் தேடித் தோண்டும்போது கிடைத்தது. அந்தக் கூலி ஆட்களில் நம்மூர்க்காரர் யாராவது இருந்திருப்பாரோ என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். உங்கள் மாமனார் மாமியார் அங்கே நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை முடித்துக்கொண்டு இளைப்பாறட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளை மட்டும் ஹிந்தகோன் குன்றுக்குக் கூட்டிப் போகலாம். அன்னப்பறவை ஜோடி அங்கே இருக்கிறது. கடல் நடுவே ஒரு சிறு திட்டு, இரண்டு பறவைக்கும் நிற்க இடம் போதாமல் ஆணின் முதுகில் பெண் நின்றது என்பது கதை. பகோவின் பழைய பெயர் ஹந்தாவதி, நம் வாயில் ஹம்சவதி. பெயரைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் பாதிக் கதை விளங்கிவிடும்.

அரண்மனையை நான் வற்புறுத்த மாட்டேன். பயின்னவுங் மன்னரின் மாளிகை 1599-இல் எரிந்தது. இப்போது நிற்பது 1990-களில் கட்டிய புதுக் கட்டடம். அங்கே வைத்திருக்கும் பழைய தேக்குத் தூண்களின் அடிக்கட்டைகள் மட்டும் உண்மையான பழசு. நேரம் இருந்தால் அவற்றுக்காகப் போங்கள்.

திரும்பும் வழியில், ஊர் எல்லையில், சைக்புன். நான்கு திசையையும் பார்த்து முதுகோடு முதுகாக நான்கு புத்தர்கள். தம்மசேதி மன்னர் 1476-இல் கட்டியது. மோன் இனத்துச் சகோதரிகள் நால்வர் கட்டும் பணியில் இருந்தார்களாம். திருமணம் செய்வதில்லை என்று சபதம், ஒருத்தி மீறினால் ஒரு சிலை விழும். 1930 நிலநடுக்கத்தில் ஒரு சிலை உண்மையாகவே விழுந்தது. அதை அப்புறம் திருத்திக் கட்டினார்கள். இங்கே இருபது நிமிடம் போதும். நான்கு மணிக்குள் பகோவை விட்டுவிடுங்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் உங்கள் கைப்பையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் ஆளுக்கொரு பையைத் துழாவினால் பெரியவர்களுக்குப் பதற்றம்.

*

தங்கப் பாறை சைத்தியோவை ஒரே நாளில் முடிக்க முடியுமா? அப்படி ஒரு விளம்பரம் பார்த்தேன்.
– ஒரு வாசகர், இன்செய்ன்

முடியும் என்று சொல்வார்கள். போகாதீர்கள். பாறை 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கின்புன் அடிவாரத்தில் வண்டி மாறி, லாரியில் நெருக்கி உட்கார்ந்து ஏற வேண்டும். போக வர நாள் முழுதும் சாலையிலேயே கழியும், பாறையின் முன்னால் அரை மணி நேரம்கூட நிற்க மாட்டீர்கள். ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலையில் பனி விலகும்போது பாருங்கள்.

*

வணக்கம் அம்மா. நான் சென்னை வியாசர்பாடியில் இருக்கிறேன். என் ஆச்சி துவாந்தேயில் பிறந்தவர். 1964-இல் கப்பலில் வந்தவர்கள். ஆச்சி போன வருடம் தவறிவிட்டார். வேலை விஷயமாக நான்கு நாள் ரங்கூன் வருகிறேன். ஒரு நாள்தான் ஒழியும். துவாந்தே போய்வர முடியுமா? அங்கிருந்து கொஞ்சம் மண் எடுத்துவர வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.
– ஒரு வாசகர், சென்னை

வாங்க தம்பி. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

போய்வரலாம். பான்சோடான் துறையிலிருந்து டாலாவுக்குப் பெரிய படகு. ‘செர்ரி’ என்று பெயர் எழுதியிருக்கும், ஜப்பான் கொடுத்த படகுகள். பத்து நிமிடத்தில் அக்கரை. உங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருப்பதால் வெளிநாட்டவருக்கான சீட்டைத் தனியாக வாங்க வேண்டும், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். துவாந்தே வரை வெளிநாட்டவரை அப்போது அனுமதிக்கிறார்களா என்பதை நீங்கள் தங்கும் விடுதியில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். படகில் மேல்தளத்தில் நின்று ரங்கூனைத் திரும்பிப் பாருங்கள். இந்த ஆற்று வழியாகத்தான் உங்கள் ஆச்சியின் கப்பல் வெளியே போயிருக்கும்.

நான் அப்போது சிறு பிள்ளை. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்த 1964 மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெட்டியில் நோட்டு வைத்திருந்தவர்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வரிசையில் ஏழு வீடு. ஐந்து வீட்டார் போய்விட்டார்கள், எங்களோடு சேர்த்து இரண்டு வீட்டார் இருந்துவிட்டோம். போனவர்கள் பாத்திரங்களை எங்கள் அம்மாவிடம் விட்டுப்போனார்கள். ஒரு பித்தளைக் குடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருடையது என்பது மறந்துவிட்டது.

சரி, வழிக்கு வருகிறேன். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் கிடையாது. டாலாவில் இறங்கினதும் அதுதான் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும். துவாந்தேவுக்குத் தனியாகப் போகிறவர்கள் அதில் போகலாம், எனக்கு லைன் கார், அதாவது ஆட்களைச் சேர்த்து ஏற்றிப் போகும் வண்டிதான் பிடிக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம், இரு பக்கமும் வயல். ரங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்கும் 35 கிலோமீட்டர் கால்வாய் துவாந்தேயைத் தொட்டுப் போகிறது, ஆங்கிலேயர் காலத்தில் வெட்டியது. ஆச்சி தண்ணீர், படகு என்று ஏதாவது சொல்லியிருந்தால் அது அந்தக் கால்வாயாக இருக்கலாம். கால்வாய்க் கரையில் சிறிது நேரம் உட்காருங்கள்.

முதலில் ஷ்வேசந்தோ பகோடா, வெயிலுக்கு முன். அப்புறம் ஓபோ. அது குயவர் குடியிருப்பு, ‘ஓ’ என்றால் பர்மிய மொழியில் பானை. கூரைக் கொட்டகைக்குள் ஒருவர் சக்கரத்தைச் சுற்றிவிட இன்னொருவர் மண்ணை வனைவார். ஆள் உயரச் சூளைகள், வெளியே வரிசை வரிசையாகக் காயும் பானைகள். பர்மாவில் தெருவோரம் வழிப்போக்கருக்காகப் பானையில் தண்ணீரும் குவளையும் வைத்திருப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். நம் தண்ணீர்ப்பந்தல்தான், இங்கே அது வருடம் முழுவதும். ரங்கூனில் அப்படி நான் குடித்த பானைகளில் பாதியாவது துவாந்தேயில் வனைந்ததாக இருக்கும்.

மண் எடுத்துப் போவது பற்றி. விமான நிலையத்தில் வெறும் மண்ணைக் கேள்வி கேட்பார்கள், பிடுங்கியும் வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக ஓபோவில் கையடக்கமான ஒரு சட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் அந்த ஊர் மண்தான், சுட்டது. வேட்டித் துணியில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைத்தால் உடையாது. அம்மாவிடம் கொடுங்கள், அதில் ஆச்சிக்கு விளக்கு ஏற்றட்டும்.

மத்தியானம் ஊருக்குள் விசாரியுங்கள். ஆச்சியின் அப்பா பெயர், என்ன தொழில் செய்தார், எந்தக் கடைக்குப் பக்கத்தில் வீடு என்பதை ஒரு தாளில் பர்மிய எழுத்தில் எழுதி வாங்கி வாருங்கள். ரங்கூனில் அனவ்ரதா சாலைக் காளியம்மன் கோயிலில் காலையில் யாரிடம் கேட்டாலும் எழுதித் தருவார்கள். துவாந்தே டீக்கடையில் வயதானவர் ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு ஒரு டீ சொல்லிக் காத்திருங்கள், அவசரப்படாதீர்கள். நான்கு மணிக்கு டாலாவுக்குத் திரும்புங்கள். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் கூட்டம் படகில் அதிகம்.

*

தன்லின், சௌத்தான், பீலிக்கான், துவாந்தே எல்லாமே ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே? எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துவிடலாமா?
– ஒரு வாசகர், மிங்கலார் தவுன் நியூன்

இல்லை தம்பி. படத்தில் பக்கமாகத் தெரியும், ஆனால் துவாந்தே மேற்கே, தன்லின் கிழக்கே. வெவ்வேறு ஆறு, வெவ்வேறு வழி. ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்லின் பக்கத்தில் இருக்கும் மூன்றையும் சேர்ப்பது மட்டும் சரி.

தன்லின் நான் பிறந்த ஊர். அப்போது சிரியம் என்போம். என் தாத்தா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் உருட்டியவர். 1942-இல் ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன்பு ஆங்கிலேயர்களே அந்த ஆலைக்குத் தீ வைத்தார்கள். புகை நாள்கணக்கில் வானத்தை மூடியிருந்தது என்று பாட்டி சொல்வார். 1993-இல் பாலம் வரும்வரை எங்களுக்கு எல்லாமே படகுதான். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வாழைமரத்தோடும் நாதஸ்வரத்தோடும் படகில் வந்து இறங்கினார்கள்.

இப்போது பாலத்தில் சில நிமிடம். அதைக் கடக்கும்போது பிள்ளைகளிடம் மணியின் கதையைச் சொல்லுங்கள். பகோவில் சைக்புன் கட்டிய அதே தம்மசேதி, 1484-இல் ஷ்வேடகோனுக்கு ஒரு பெரிய மணி வார்த்துக் கொடுத்தார். தன்லினைப் பிடித்து ஆண்ட போர்த்துக்கீசியர் ஃபிலிப் டி பிரிட்டோ 1608-இல் அதை உருக்கிப் பீரங்கி செய்ய எடுத்துக்கொண்டு போனார். ஆறுகள் கூடும் இடத்தில் தெப்பத்தோடு மணி மூழ்கிவிட்டது. எத்தனையோ பேர் தேடியும் இன்றுவரை மேலே வரவில்லை. டி பிரிட்டோவை 1613-இல் பர்மிய அரசர் அனவுக்பெத்லுன் பிடித்துக் கழுவேற்றினார். ஊருக்குள் இடிந்து நிற்கும் பழைய கத்தோலிக்கக் கோயிலை அவர் கட்டியது என்று பலர் சொல்வார்கள். அது தவறு. அது 1750 வாக்கில் வந்த கோயில்.

காலையில் நேரே சௌத்தான் போய்விடுங்கள். ஆற்றின் நடுவில் ஒரு சிறு தீவு, அதன் மேல் யேலே பகோடா. படகில்தான் போக வேண்டும். பொரி வாங்கிப் போட்டால் பெரிய பெரிய கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைத் திறக்கும், என் பேரன் அங்கிருந்து வரமாட்டேன் என்று அழுதான். துறைப் படி பாசி பிடித்து வழுக்கும். வயதானவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

அங்கிருந்து பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில். தீமிதித் திருவிழாவில் எள் போட இடம் இருக்காது. அதைப் பார்த்தவர்கள்கூட ஒருமுறை சாதாரண நாளில் போக வேண்டும். மரத்தடியில் காற்று வாங்கிக்கொண்டு, அம்மனைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பர்மியக் குடும்பங்களும் தேங்காய் பழத்தோடு வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா அந்தத் திசையைப் பார்த்துத்தான் முடிச்சு போடுவார்.

*

அக்கா, கையில் காசு இல்லை. வேன் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளைக்கு ஏதாவது காட்டணும்.
– ஒரு வாசகி, தக்கேட்டா

சுற்று ரயிலில் ஏறுங்கள். ஊரைச் சுற்றி 46 கிலோமீட்டர், முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், செலவு மிகக் குறைவு. எந்த ரயில் முழுச் சுற்று போகிறது என்று நிலையத்தில் கேட்டு ஏறுங்கள், சில பாதியில் திரும்பிவிடும். இன்செய்ன் தாண்டியதும் நகரம் விலகி, தண்ணீரில் நிற்கும் வள்ளைக்கீரைத் தோட்டங்கள் வரும். இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் கீரை பறிப்பார்கள். டன்யின்கோனில் காய்கறிச் சந்தை தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே இறங்கி ஒரு வாரத்துக்கான காய் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வரலாம், டவுன் கடைகளைவிட மலிவு. ரயிலை விடியற்காலையில் பிடியுங்கள். பிள்ளைக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்கும்.

*

என் தாத்தாவின் அண்ணன் பட்டாளத்துக்குப் போய், சண்டையில் திரும்பி வரவில்லை. பர்மாவில்தான் இறந்தார் என்று கடிதம் வந்ததாம். தவுச்சான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர் இருக்குமா? பகோ போகும்போது பார்த்துவிட்டு வரலாமா?
– ஒரு வாசகர், மௌல்மெய்ன்

இருக்க வாய்ப்பு உண்டு ஐயா. பகோவோடு சேர்க்காமல் இதற்கென்று ஒரு காலை ஒதுக்குங்கள். நகர மையத்திலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர்.

உள்ளே 6,374 கல்லறைகள். நடுவில் தூண் தூணாக எழும் மண்டபம் ரங்கூன் நினைவுச் சின்னம். கல்லறையே கிடைக்காமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். அவரவர் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனியாக இன்னொரு சின்னம் இருக்கிறது. ஒன்றில் இல்லையென்றால் மற்றதிலும் பாருங்கள். நடு மண்டபத்தில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எழுத்துகளில் ஒரு வரி செதுக்கியிருக்கிறார்கள். தமிழ் அதில் இல்லை. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. அப்புறம் தூண்களுக்கு நடுவே நடந்தேன். முத்துசாமி, ஆறுமுகம், அந்தோணி என்று நம் வீட்டுப் பெயர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன்.

பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருக்கின்றன. மதராஸ் சப்பர்ஸ், மதராஸ் ரெஜிமென்ட், ஏதாவது நினைவிருக்கிறதா என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய கடிதம், பென்ஷன் தாள் இருந்தால் எடுத்துவாருங்கள், அதில் இருக்கும் சிப்பாய் எண் மிகவும் உதவும். ஆங்கில எழுத்தில் வெட்டியிருப்பதால் ராமசாமி என்பதே பல விதமாக இருக்கும். இருக்கக்கூடிய எல்லா எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மௌல்மெய்னிலிருந்து முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள், பத்திரிகைக்கு எழுதினால் முகவரி தருவார்கள். காலையில் நானும் உங்களோடு வருகிறேன். இரண்டு பேர் தேடினால் ஆளுக்கு ஒரு பக்கத் தூண் பார்க்கலாம்.